காப்பி ஆகிவிட்டது என்று கணினி சொன்னது

பாட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சொல் பாதியில் அறுந்தது. "ராசா அந்தக் குதி" என்று வந்தது. கண் இமைக்கும் நேரம் மௌனம். பிறகு "மேல ஏறி உக்காந்தாரு" என்று கதை தொடர்ந்தது. 'குதிரை'யில் 'ரை' மட்டும் காணோம்.

பதினேழாவது கேசட், இரண்டாம் பக்கம். 41 கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றியது நான்தான். பக்கத்துக்கு ஒன்றாக 82 கோப்புகள். கேசட்டை வேகமாக ஓட்டி மாற்ற முடியாது. அரை மணி நேரம் ஓடும் பக்கத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் ஒலி அலை இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே பல மாதங்கள் மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். ஒவ்வொரு கதையும் எங்கே மூச்சு வாங்கும், எங்கே இருமல் வரும் என்பது வரை மனப்பாடம். அந்தக் குதிரை அறுந்து போனதாக எனக்கு ஞாபகமே இல்லை.

முதலில் நாடாவைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய நாடா எங்காவது தேய்ந்திருக்கும். கேசட்டை எடுத்து மறுபடி ஓட்டினேன். குதிரை முழுசாக இருந்தது.

அப்படியானால் கோப்பில்தான் கோளாறு. நான்கு மாதங்களுக்கு முன் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். ஃபோல்டரை இழுத்து விட்டேன், பச்சைப் பட்டை நிரம்பியது, சன்னல் மூடிக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்று, அளவு பைட் கணக்கில் ஒன்று. காப்பி ஆகிவிட்டது என்று கணினி சொன்னது. நான் நம்பினேன்.

அந்த ஒரு எழுத்தைத் தேடிப் போனதில்தான் இன்று நான் தினமும் பயன்படுத்தும் கருவிகளில் பாதி எனக்கு அறிமுகமாயின. கணினியில் ஆர்வம் உள்ள யாருக்கும் இவை உதவும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நல்ல வேளையாக அந்தக் கோப்புகளை எம்பி3 ஆக வைக்காமல் ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தில் வைத்திருந்தேன். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் என்பதற்காக எடுத்த முடிவு அது. 2001-ல் முதல் பதிப்பு வந்த அந்த வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. கோப்பை உருவாக்கும்போதே, சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலி முழுவதற்கும் எம்டி5 முறையில் ஒரு கைரேகை, அதாவது உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கும் ஓர் அடையாள எண், கணக்கிட்டு, கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்துவிடுகிறது. அதோடு ஒலியை ஃப்ரேம் எனப்படும் சிறு சிறு சட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு சட்டத்தின் வாலிலும் தனியாக ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஒட்டுகிறது. வழக்கமாக ஒரு சட்டத்துக்கு 4096 மாதிரிகள், அதாவது ஒலியின் கணநேர அளவீடுகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 0.09 நொடி. சட்டத்துக்குள் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டாலும் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது, அந்தச் சட்டம் கெட்டது என்று தெரிந்துவிடும். 0.09 நொடியில் ஒரு 'ரை' போய்விடும்.

ஃபிளாக் கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடும் 'டி' (t) என்ற எழுத்தும் போட்டால், கோப்பை விரித்துப் பார்த்து, உள்ளே எழுதியிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டுச் சொல்லும். புதிய டிஸ்கில் இருந்த 82 கோப்புகளையும் அப்படி ஓட்டினேன். 79 சரி. மூன்றில் கைரேகை பொருந்தவில்லை. பழைய டிஸ்கை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். அதிலும் அதே சோதனை. 82-ம் சரி. ஆக, கெட்டது நடுவழியில்.

யார் குற்றவாளி? டிஸ்கா, கேபிளா, வேறு ஏதாவதா?

டிஸ்கின் உடல்நிலையை அதனிடமே கேட்கலாம். ஒவ்வொரு டிஸ்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் குறிப்பேட்டைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் அதைப் படித்துக் காட்டும். பட்டியல் நீளமானது, முதல்முறை பார்க்கிறவருக்கு மிரட்சியாக இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு வரிகள் போதும். 5-ஆம் எண்: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குக் குடிபெயர்த்த செக்டர்கள், அதாவது டிஸ்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள். 197: படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் செக்டர்கள். 198: படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள். நான்காவது 199, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு போகும்போது ஏற்பட்ட பிழைகள். அது ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் குறையும்.

என் இரண்டு டிஸ்குகளிலும் நான்கு வரிகளும் பூஜ்யம்.

மிச்சம் இருந்தது ரேம், கணினியின் தற்காலிக நினைவகம். அதைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த எண்ணம் தவறு. ரேம் கெட்டால் கணினி ஓடாது, நீலத்திரை வரும், யாருக்கும் தெரியாமல் போகாது என்று நினைத்திருந்தேன். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விட்டேன். விண்டோஸுக்குள் இருந்தபடி ரேமை முழுமையாகச் சோதிக்க முடியாது, ஏனென்றால் விண்டோஸே அந்த ரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இது தனியாக, இயங்குதளம் இல்லாமல் ஓடுகிறது. முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும் சுத்தம். அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நல்லது என்று எழுதி வைத்திருப்பேன். காலையில் வந்து பார்த்தபோது மூன்றாவது சுற்றில் ஒரு சிவப்பு வரி இருந்தது. ஒரே ஒரு முகவரி. அங்கே எழுதியதற்கும் திரும்பப் படித்ததற்கும் வித்தியாசம் ஒரு பிட்.

ஒரு பிட் என்றால் எவ்வளவு? தமிழ் எழுத்தை வைத்தே சொல்கிறேன். யுனிகோடில் 'க'வின் எண் 2965. இரும எண்ணாக எழுதினால் கடைசி இலக்கம் 1. அது 0 ஆகப் புரண்டால் 2964. அந்த எண்ணில் இருப்பது 'ஔ'. 'கடல்' என்று எழுதிய இடத்தில் 'ஔடல்' என்று வரும். கோப்பின் அளவு மாறாது, தேதி மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. எழுத்துக் கோப்பாக இருந்தால் தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். படமாக இருந்தால் ஒரு மூலையில் நிறம் பிசகும், அல்லது பாதிக்குக் கீழே எல்லாம் சாம்பல் ஆகிவிடும். ஜிப் கோப்பாக இருந்தால் திறக்கிற நாளில்தான் தெரியும்.

காப்பி என்பது டிஸ்கிலிருந்து ரேமுக்கும், ரேமிலிருந்து அடுத்த டிஸ்குக்கும் போகிற பயணம். பழைய டிஸ்க் சரியாகப் படித்துக் கொடுத்தது. நடுவில் அந்த ஒரு முகவரியில் தங்கிய பைட் புரண்டது. புதிய டிஸ்க் தனக்கு வந்ததை அப்படியே விசுவாசமாக எழுதி வைத்தது. சர்வர்களில் இருக்கும் இசிசி ரேம் இப்படி ஒற்றை பிட் புரண்டால் தானே திருத்திவிடும். நாம் வீட்டில் வைத்திருக்கும் பெரும்பாலான கணினிகளில் அது இருப்பதில்லை. அந்த ரேம் குச்சியைக் கழற்றிவிட்டு மூன்று கோப்புகளையும் மறுபடி காப்பி செய்தேன். ஃபிளாக் சோதனையில் மூன்றும் தேறின. ராசா குதிரைமேல் ஏறினார்.

ஃபிளாக்குக்கு இருந்த கைரேகை என் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இல்லை. அவற்றுக்கு நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். ஹேஷ் என்பது அதுதான். எஸ்எச்ஏ-256 முறையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், அது ஒரு வரிக் கடிதமோ இரண்டு மணி நேரப் படமோ, 64 குறிகள் கொண்ட ஒரே ஒரு வரி கிடைக்கும். உள்ளே ஒரு பிட் மாறினால் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இதற்காகப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இகோர் பாவ்லோவ் 1999-ல் வெளியிட்ட 7-ஜிப் பலர் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நிறுவியிருந்தால் ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்யும்போது வரும் மெனுவில் எஸ்எச்ஏ-256 கணக்கிடும் வசதியும் இருக்கும். விண்டோஸின் பவர்ஷெல்லிலும் சர்ட்யூட்டில் கட்டளையிலும் இதே வசதி உண்டு. லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் ஃபோல்டர் முழுவதற்கும் பட்டியல் எடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமித்துக்கொள்ளலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தப் பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால், மாறிய கோப்பை மட்டும் பெயர் சொல்லிக் காட்டும்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். காப்பி முடிந்த அடுத்த நிமிடமே புதிய டிஸ்கின் கோப்புக்கு ஹேஷ் எடுத்தால், அது டிஸ்கிலிருந்து படித்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. சற்று முன் எழுதியதை இயங்குதளம் ரேமிலேயே வைத்திருக்கும், கேட்டவுடன் அங்கிருந்து எடுத்து நீட்டிவிடும். டிஸ்கில் உண்மையில் என்ன பதிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முறைப்படி வெளியேற்றிக் கழற்றி, மறுபடி செருகி, அதன் பிறகு எடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

ஹேஷ் எடுக்கப் பழகியதும் ஆர்சிங்க்கைப் பற்றி நான் வைத்திருந்த நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராசும் 1996-ல் வெளியிட்ட, கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்யும் கருவி அது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிற அதன் உத்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகு. ஆனால் ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று முடிவு செய்ய அது இயல்பாகப் பார்ப்பது அளவையும் தேதியையும் மட்டுமே. என் மூன்று கெட்ட கோப்புகளுக்கும் அளவு சரி, தேதி சரி. ஆர்சிங்க்கை எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் அவற்றைத் தொடாமல் கடந்து போயிருக்கும். 'செக்சம்' விருப்பத்தைச் சேர்த்தால்தான் உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். நான் தினமும் சாதாரணமாகவும் மாதம் ஒருமுறை செக்சமோடும் ஓட்டுகிறேன். விண்டோஸின் காப்பிக் கட்டளையான ராபோகாப்பியும் அளவையும் தேதியையும் வைத்தே முடிவு செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ராபோகாப்பி என்றதும் சொல்லியாக வேண்டும். அதில் 'மிர்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. மூலத்தில் இல்லாதது எதுவானாலும் இலக்கிலும் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டிவிட்டால், காலி ஃபோல்டரின் கண்ணாடிப் பிம்பமாக உங்கள் நிறைந்த ஃபோல்டரும் காலியாகிவிடும். கேள்வி கேட்காது, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அதனால் முதலில் 'எல்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். செய்யப்போவதைப் பட்டியலிடும், எதையும் தொடாது. ஆர்சிங்க்கில் இதற்கு 'என்'. பட்டியலைக் கண்ணால் படித்த பிறகே நிஜ ஓட்டம். இந்தப் பழக்கம் என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

ஒத்திசைவை பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். டிராப்பாக்ஸ் மாதிரியான சேவையோ, உங்கள் சொந்தக் கருவிகளுக்கு நடுவே மட்டும் ஓடும் சிங்க்திங்கோ, ஒரு இடத்தில் நடந்ததை எல்லா இடத்துக்கும் கொண்டு போவதுதான் அவற்றின் வேலை. இங்கே கோப்பு கெட்டால் அங்கேயும் கெடும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும் வசதி அவற்றில் இருந்தாலும், அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. பேக்கப்புக்கு ரெஸ்டிக் அல்லது போர்க் போன்ற கருவி வேண்டும். இவை ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியாக வைத்திருக்கும், முன்பே இருக்கும் துண்டுகளை மறுபடி சேமிக்காது, எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து வைக்கவும் முடியும். ரெஸ்டிக்கின் 'செக்' கட்டளையோடு 'ரீட்-டேட்டா' விருப்பத்தைச் சேர்த்தால், களஞ்சியத்தில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் படித்துச் சரிபார்க்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை பேக்கப்பிலிருந்து வேறிடத்துக்கு மீட்டெடுத்து, திறந்து பார்க்கிறேன். கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் சந்திக்கும் ஒரு பிரச்சினையும் இதே கேசட்டுகளால்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் கதையின் பெயர், அதில் வரும் ஆட்கள், எப்போது பதிவு செய்தது என்று நீளமாகப் பெயர் வைத்திருந்தேன். விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பியபோது பதினோரு கோப்புகள் மட்டும் போகவே இல்லை. பெயர் நீளம் அதிகம் என்றது. எண்ணிப் பார்த்தால் ஆங்கிலத்தில் அதைவிட நீளமான பெயர்கள் எல்லாம் சுகமாகப் போயிருந்தன.

விடை பைட் கணக்கில் இருக்கிறது. டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை விண்டோஸில் என்டிஎஃப்எஸ். அதில் ஒரு பெயருக்கு 255 யுடிஎஃப்-16 அலகுகள் இடம் உண்டு; யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்று யுடிஎஃப்-16, இன்னொன்று யுடிஎஃப்-8. தமிழில் ஒரு குறிக்கு ஓர் அலகு, ஆங்கிலத்திலும் அப்படியே, பாகுபாடு இல்லை. லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் எக்ஸ்ட்4-ல் எல்லை 255 பைட். யுடிஎஃப்-8-ல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 255-ஐ மூன்றால் வகுத்தால் 85. அதுவும் 85 எழுத்து இல்லை. 'பாட்டி' என்று நாம் மூன்று எழுத்தாகப் படிப்பது யுனிகோடுக்கு ஆறு குறிகள்: ப, துணைக்கால், ட, புள்ளி, மறுபடி ட, இகரக் குறி. ஆக 18 பைட். ஒரு சாதாரண தமிழ் வாக்கியம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். நான் இப்போது பெயரின் தொடக்கத்தில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி, பிறகு இரண்டு மூன்று தமிழ்ச் சொற்கள், அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி இப்படி இருந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் ஆகிவிடும். மிச்ச விவரம் எல்லாம் கோப்புக்குள் இருக்கும் டேகில். ஃபிளாக்கில் டேகை மாற்றினாலும் எம்டி5 கைரேகை மாறாது, அது ஒலிக்கு மட்டும் எடுத்தது. ஆனால் முழுக் கோப்புக்கும் எடுத்த எஸ்எச்ஏ-256 மாறிவிடும். டேக் வேலையை முடித்துவிட்டுப் பட்டியல் எடுங்கள்.

பெயரைச் சுருக்கினால் பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். விண்டோஸில் எவ்ரிதிங் என்ற தேடல் கருவி இருக்கும்போது கவலையே வேண்டாம். தட்டத் தட்ட விடை வந்துகொண்டே இருக்கும், லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும். அது ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து தேடுவதில்லை. என்டிஎஃப்எஸ் தனக்காக வைத்திருக்கும் தலைமைப் பட்டியலை நேரடியாக வாசித்துக்கொள்கிறது, மாற்றங்களை அதன் நாட்குறிப்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. நூலகத்தில் அலமாரி அலமாரியாக அலையாமல் பதிவேட்டைப் புரட்டுவது போல. நான் அதில் அதிகம் பயன்படுத்துவது பெயர்த் தேடலைவிட தேதி வாரியான வரிசையைத்தான். எதையாவது நிறுவிய பிறகு, கடந்த பத்து நிமிடத்தில் எந்தெந்தக் கோப்புகள் மாறின என்று பார்த்தால், அந்த நிரல் எங்கெங்கே கை வைத்தது என்பது தெரிந்துவிடும்.

டிஸ்கில் இடம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விஸ்ட்ரீ என்ற கருவி. அது வரைந்து காட்டும் பெட்டிப் படத்துக்கு ஒரு கதை உண்டு. 1990-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனின் ஆய்வகத்தில் 14 பேர் 80 எம்பி டிஸ்க் ஒன்றைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அது நிரம்பி வழிந்தபோது, யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் காட்ட அவர் யோசித்ததுதான், பெரிய கோப்புக்குப் பெரிய பெட்டி, சிறிய கோப்புக்குச் சிறிய பெட்டி என்ற இந்த முறை. இன்று டெராபைட் டிஸ்கிலும் அதே படம்தான். என் கணினியில் அது முதலில் காட்டியது, எப்போதோ அழித்ததாக நான் நினைத்திருந்த ஒரு வீடியோ எடிட்டரின் தற்காலிகக் கோப்புகளை. திரையில் மூன்றில் ஒரு பங்கு அதுவே.

பேக்கப் எடுத்து முடித்து டிஸ்கை வெளியேற்றப் போனால், "பயன்பாட்டில் உள்ளது" என்று கணினி மறுக்கும். யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லாது. பலர் பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள், கோப்புகள் கெடுவதற்கு அதுவும் ஒரு வழி. சிஸ்இன்டர்னல்ஸின் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைண்ட்' மெனுவைத் திறந்து டிரைவின் எழுத்தையோ கோப்பின் பெயரையோ கொடுங்கள், எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கிய தொகுப்பு அது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகும் இலவசமாகவே கிடைக்கிறது. அதே தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ், கணினி தொடங்கும்போது தானாக எழுந்துகொள்ளும் அத்தனை நிரல்களையும் வரிசைப்படுத்தும். மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிடு என்று டிக் செய்தால் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தெரியாததை அழிக்காதீர்கள். டிக்கை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள், தேவைப்பட்டால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கருவிகளை எல்லாம் இறக்கும் இடம் முக்கியம். தேடுபொறியில் பெயரைப் போட்டால் மேலே வருவது சில நேரம் விளம்பரம், அதற்குப் பின்னால் போலித் தளம். விண்டோஸ் 11-ல் உடன் வரும் வின்கெட் கட்டளை வழியாக நிறுவினால், இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 பதிவில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லா நிரல்களையும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கவும் செய்யலாம்.

ஹேஷ் பொருந்திவிட்டால் கோப்பு நல்லது என்று அர்த்தமில்லை. வெளியிட்டவர் வைத்தது அப்படியே நம் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும். வெளியிட்ட இடத்திலேயே விஷம் கலந்திருந்தால்? 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. அதிகாரப்பூர்வமாக வெளிவந்த தொகுப்பு அது, ஹேஷ் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவர். வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் அது ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புகள் பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் தடுக்கப்பட்டன. அந்த அறிவிப்பை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எந்தத் தாமதத்தை எப்படி அளந்தார், எதைச் சந்தேகித்தார், அடுத்து எதைத் திறந்து பார்த்தார் என்று படிப்படியாக இருக்கிறது. கணினியில் நாட்டமுள்ள இளைஞர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

கழற்றிய ரேம் குச்சி என் மேசை இழுப்பறையில், அந்த முகவரி எண்ணை எழுதி ஒட்டிய சீட்டோடு இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இரவு ஹேஷ் பட்டியலைச் சரிபார்க்க விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். இந்த மாதமும் காலையில் வந்து பார்த்தபோது 82 வரிகள், 82-லும் 'ஓகே'. பதினேழாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தை மட்டும் திறந்து, அந்த இடத்துக்கு நகர்த்தி, ஒருமுறை கேட்டேன்.